வெர்னன் டக்கெட்டின் விளக்கு

வெர்னன் டக்கெட் மேல் எனக்கு இருப்பது பொறாமை. கொள்கை வேறுபாடு, அறிவியல் மனப்பான்மை, சமூக அக்கறை என்றெல்லாம் நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த மூன்றையும் விளக்கின் முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். மூன்றுக்கும் சிவப்பு எரிந்தது. ‘பொறாமை’ என்றேன். பளிச்சென்று பச்சை.

விளக்கு என்றால் எங்கள் கம்பெனி செய்கிற விளக்கு. நெற்றிப் பொட்டில் ஒட்டுகிற இரண்டு வில்லைகள், கழுத்தில் ஒரு பட்டை, மேஜைமேல் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். பேசுகிறவன் தான் சொல்வதைத் தானே நம்பினால் குமிழ் பச்சையாக எரியும். நம்பாமல் சொன்னால் சிவப்பு. அரை மனசோடு சொன்னால் மஞ்சள். கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. நம் ஊர்ப் பத்திரிகைகள் ‘மனசாட்சி விளக்கு’ என்று எழுதின. அதை வடிவமைத்த குழுவில் நானும் ஒருவன். பெயர் சென்னியப்பன், சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம். அமெரிக்காவில் எல்லோருக்கும் நான் சென்னி.

வெர்னன் டக்கெட் ஒக்லஹோமா மாநிலத்தில், பெல்ஃபோர்ட் என்கிற சின்ன ஊரில், முட்டை வைக்கிற பழைய குளிர்க் கிடங்கை ஸ்டூடியோவாக்கி, தினமும் காலையில் ரேடியோவில் பேசுகிற ஆள். மழை மேகங்களுக்கு அரசாங்கம் வரிசை எண் கொடுத்திருக்கிறது என்பான். பல் டாக்டர் அடைக்கிற ஒவ்வொரு பல்லிலும் ஒரு ஆண்டெனா இருக்கிறது என்பான். நாட்டில் உள்ள கடிகாரங்களை எல்லாம் மெதுவாக ஓட வைத்து, மிச்சமாகிற நேரத்தை யாரோ எங்கோ பதுக்குகிறார்கள் என்பான். அவனுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எழுத மாட்டேன்.

ரேடியோ, டிவி எதில் பேசினாலும் விளக்கு கட்டாயம், ரேடியோவானாலும் கேமரா வைத்துக் குமிழை இணையத்தில் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் கம்பெனிப் பெரியவர்கள் முதலில் போட்ட திட்டமே இந்த ஆளை மாட்டிவிடுவதுதான். ‘அமெரிக்காவின் பெரிய புளுகனைச் சிவப்பில் காட்டினால் நமக்கு வேறு விளம்பரமே வேண்டாம்’ என்றார்கள். அந்தப் பொன்னான காரியத்துக்கு என்னை அனுப்பினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போனேன்.

கிடங்கின் வாசலில் நின்று, என் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தான் வெர்னன். உயரமான ஆள், தொள தொளவென்று சட்டை, குரல் மட்டும் வெண்ணெய். அவன் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். எனக்கு ஞாபகத்தில் தமிழில்தான் நிற்கிறது.

“இது என்னத்தைப் பார்க்குது?” என்று கேட்டான்.

“நீங்க சொல்றதை நீங்க நம்புறீங்களான்னு பார்க்குது.”

“நான் சொல்றது உண்மையான்னு பார்க்குமா?”

“பார்க்காது. அது மண்டைக்குள்ள இருக்கிற நம்பிக்கையைத்தான் பார்க்கும். வெளியில இருக்கிற உலகம் அதுக்குத் தெரியாது.”

“அப்ப உண்மையை யார் பார்க்கிறது?”

அது எங்கள் கம்பெனி வேலை இல்லை. பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, “பேசுங்க” என்றேன்.

மேகங்களின் வரிசை எண்ணைச் சொன்னான். பச்சை. பல்லுக்குள் ஆண்டெனா. பச்சை. கடிகாரம், அதைவிடப் பச்சை. இப்படி ஒரு கலப்படமில்லாத பச்சையை ஆய்வுக்கூடத்தில்கூட நான் பார்த்ததில்லை. பாதிரியாரை வைத்துச் சோதித்தபோதுகூட ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் தட்டியது.

“மெஷின் சரியா இருக்கான்னு பார்க்கணும், ஒரு பொய் சொல்லுங்க” என்றேன். மனிதன் திணறிவிட்டான். நெற்றி வியர்க்கிறது, உதட்டைக் கடிக்கிறான், ஒரு பொய் கிடைக்கவில்லை. கடைசியில், “எங்க அம்மா பேரு கிளியோபாட்ரா” என்றான். குமிழ் சிவந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினான். அன்றிலிருந்து அது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. தினமும் நிகழ்ச்சி தொடங்குமுன் தன் பெயரைச் சொல்லிப் பச்சை காட்டுவான். அம்மா பெயரைக் கிளியோபாட்ரா என்று சொல்லிச் சிவப்பு காட்டுவான். ‘என் விளக்கில் திருட்டு வேலை இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நேயர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் மேகத்துக்கே போவான்.

அன்றைக்குக் காபி கொடுத்தான். தன் அப்பா கதையைச் சொன்னான். அப்பா ஒரு பூச்சிமருந்து ஆலையில் வேலை பார்த்தவர், இருமி இருமிச் செத்தார். ஆலையில் எந்தக் கசிவும் இல்லை என்று முதலாளியும் சொன்னார், அதிகாரிகளும் சொன்னார்கள். வெர்னன் கல்லூரியை விட்டுவிட்டு, வருஷக்கணக்காக அலைந்து, கசிவு இருந்தது என்பதைக் கோர்ட்டில் நிரூபித்தான்.

“அதுவரைக்கும் ஊரே என்னைப் பைத்தியம்னுச்சு, சென்னி. கடைசியில நான் சொன்னதுதான் சரியா இருந்துச்சு. அப்புறம் அவங்க சொல்ற மத்ததை எல்லாம் நான் எப்படி நம்புறது?”

எனக்கு அவன்மேல் பாவமாகக்கூட இருந்தது. அப்போது அவனை நினைத்து வயிறு எரிய எனக்குக் காரணம் இல்லை.

அதற்கப்புறம் நாடு போன போக்கை எல்லோரும் பார்த்தோம். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. அரசியல்வாதிகள் சிவந்து சிவந்து வீட்டுக்குப் போனார்கள். விளம்பர நடிகர்கள் வேறு தொழில் தேடினார்கள். நம் ஊரில் பெண் பார்க்கப் போன இடத்தில், ‘எங்களுக்கு நகை நட்டெல்லாம் முக்கியமில்லீங்க’ என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னபோது குமிழ் சிவந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் உண்டா? சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறியது.

அப்புறம்தான் கோளாறு தெரிந்தது. வானிலை ஆராய்ச்சியாளர், ‘மழை பெய்ய வாய்ப்பு இருக்கிறது’ என்பார், மஞ்சள். பக்கத்துச் சேனலில் ஜோசியர், ‘செவ்வாய்க்கிழமை பெய்யும்’ என்பார், பச்சை. ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள்? நிறையப் படித்தவனுக்குச் சந்தேகமும் நிறைய இருக்கும். அவனுக்கு மஞ்சள்தான் எரியும். பேராசிரியர்கள், டாக்டர்கள் எல்லோரும் மஞ்சள் ஆனார்கள். ‘மஞ்சமூஞ்சி’ என்பது வசவாயிற்று. பொய்யர்கள் போய்விட்டார்கள். அவர்கள் நாற்காலியில் நம்பிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ராஜா வெர்னன் டக்கெட். சிவப்பு எரியும் என்று நாங்கள் மாட்டிய விளக்குதான் அவனுக்குக் கிரீடம்.

என் மனைவி சுகந்தி அவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

சுகந்தி கோபியில் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள். எனக்காக வேலையை விட்டுவிட்டு ஒக்லஹோமாவுக்கு வந்தாள். இங்கே அவளுக்குப் பேச ஆள் இல்லை. நான் விளக்கு விளக்கு என்று ஓடிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ரேடியோ ஓடும், பக்கத்தில் போன் திரையில் அவன் குமிழ் எரியும். முதலில் அவனைக் கேட்டுச் சிரித்தாள். ஒருநாள் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். மேகத்தில் தூவுகிற சில்வர் அயோடைடு பற்றி அவன் ஏதோ உளறியிருக்கிறான். இவள் வகுப்பு எடுத்திருக்கிறாள். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டு, ‘டீச்சர் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு’ என்று ஒலிபரப்பிலேயே சொல்லிவிட்டான். பச்சையில்.

விழுந்தாள் என் பெண்டாட்டி.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் போன். என் பெயரைச் சென்னி என்று வெட்டியவன், அவள் பெயரை மட்டும் ‘சுகந்தி’ என்று பழகிப் பழகிச் சுத்தமாகச் சொன்னான். கோபிச்செட்டிப்பாளையத்தைக்கூடச் சொன்னான். அவன் நாக்கு சுளுக்கிக்கொள்ளாதா என்று எனக்கு இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வெடித்துவிட்டேன்.

“அந்தப் பைத்தியக்காரங்கிட்ட உனக்கு என்ன பேச்சு?”

“அவரு கேக்கறாருங்க. நான் சொல்றேன்.”

“என்னத்தைக் கேக்கறான்?”

“நீ என்ன நெனைக்கறேன்னு கேக்கறாரு. நீங்க எங்கிட்டக் கடைசியா என்னத்தக் கேட்டீங்க? காரு சாவி எங்கீன்னு கேட்டீங்க.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுக்குள் தப்பான எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். தப்பான எண்ணம் இருந்திருந்தால் சண்டை போடலாம், அடிக்கலாம், பஞ்சாயத்து வைக்கலாம். ‘என் மனைவி சொல்வதை ஒருவன் காது கொடுத்துக் கேட்கிறான்’ என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அந்த இலையுதிர் காலத்தில் சுகந்திக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். இதயத்தில் ஒரு வால்வு பழுது, மாற்றியே ஆகவேண்டும் என்றார் டாக்டர். புது வகைச் செயற்கை வால்வு. அதற்குள் கடுகளவு ஒரு சென்ஸார், ரத்த ஓட்டத்தைப் பார்த்து டாக்டருக்குத் தகவல் அனுப்பும். சென்ஸார் இல்லாத பழைய வகை அவள் உடம்புக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்.

இந்த வால்வைப் பற்றி வெர்னன் ஏற்கெனவே பேசியிருந்தான். அதற்குள் ஒட்டுக் கேட்கிற சிப் இருக்கிறது, நெஞ்சுக்குள் உட்கார்ந்து பேச்சை எல்லாம் யாருக்கோ அனுப்புகிறது என்று. கண்ணைப் பறிக்கிற பச்சையில்.

டாக்டரின் மேஜையிலும் விளக்கு இருந்தது. சட்டம் ஆஸ்பத்திரிக்கும் வந்திருந்தது. “ஆபரேஷன் நல்லபடியா முடிய நிறைய வாய்ப்பு இருக்கு” என்றார். மஞ்சள். நல்ல டாக்டர் வேறு எப்படிச் சொல்வார்? சுகந்தி குமிழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“எனக்கு வேண்டாமுங்க” என்றாள் காரில்.

“அந்தச் சென்ஸார் டாக்டருக்குத்தான் அனுப்பும், புள்ள. வேற யாருக்கும் அனுப்பாது.”

“யாருங்க சொன்னா?”

“கம்பெனி சொல்லுது. டாக்டர் குடுத்த காகிதத்துல போட்டிருக்குதில்ல?”

“காகிதத்துக்கு வெளக்கு மாட்ட முடியுங்களா?”

வீட்டுக்கு வந்ததும் என் சோதனை விளக்கை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் கண் முன்னாலேயே பட்டையை மாட்டிக்கொண்டேன். “அந்த வால்வு ஒட்டுக் கேட்காது” என்றேன்.

மஞ்சள்.

என் படிப்பே என் கழுத்தை அறுத்தது. அந்த வால்வின் சுற்றை நான் பிரித்துப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை முழுசாக நம்ப எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை சொன்னேன், கத்திச் சொன்னேன். கத்தினால் பச்சை வருமா?

“ஆபரேஷன் இல்லாட்டி நீ செத்துப்போயிருவ, சுகந்தி.”

பச்சை. அதற்கு மட்டும் பச்சை.

“அது எனக்குந் தெரியுங்க” என்றாள். அழவில்லை. “செத்தா ஒரு தடவையோட போச்சு. நெஞ்சுக்குள்ள எவனையோ குடிவெச்சுட்டு, பேசற ஒவ்வொரு வார்த்தைக்கும் பயந்துட்டு, என்னால இருக்க முடியாது. நான் மனசுல இருக்கறதைப் பேசறதே இத்தனை வருசங்கழிச்சு இப்பத்தான்.”

“எனக்கு நீ வேணும்” என்றேன். அதற்கும் பச்சைதான். அவள் குமிழைப் பார்த்துவிட்டு, “சந்தோசமுங்க” என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தேன். நான் என்ன செய்வேன்? மானம், ரோஷம் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு பெல்ஃபோர்ட்டுக்குக் கார் ஓட்டினேன். மத்தியானம், கிடங்கின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான் வெர்னன். எனக்கும் பாதியைப் பிய்த்து நீட்டினான். வாங்கவில்லை.

“சுகந்திக்கு அந்த வால்வு வைக்கணும். நீங்க சொன்னா கேப்பா. அதுல சிப் எதுவும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன்.

“இருக்கே, சென்னி.”

“இல்லைன்னே வச்சுக்கங்க.”

“எப்படி வச்சுக்கிறது? இருக்கே.” அவன் முகத்தில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“சரி, இருக்கட்டும். ஒட்டுக் கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டும், உயிர்தான் முக்கியம், வச்சுக்கோன்னு சொல்லுங்க.”

“சொல்லிட்டேன். போன வாரமே போன்ல சொன்னேன். அவங்க ஒத்துக்கலை.”

போன வாரமே! டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே இவனிடம் பேசியிருக்கிறாள். எனக்குக் காது மடல் சுட்டது. அதையும் முழுங்கிக்கொண்டு, பையிலிருந்த சின்னப் பொத்தானை எடுத்துக் காட்டினேன். விளக்கை உருவாக்கியவன் நான். அதைப் பச்சையிலேயே நிறுத்தி வைக்க எனக்குத் தெரியும். இதுவரை செய்ததில்லை. செய்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

“உங்க சோதனையெல்லாம் முடிஞ்ச அப்புறம் இதை அழுத்துவேன். நீங்க என்ன சொன்னாலும் பச்சைதான் எரியும். வால்வு சுத்தம்னு சொல்லிடுங்க. அவ மட்டுமில்ல, உலகமே நம்பும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.”

அவன் ரொட்டியை மடியில் வைத்தான். “இத்தனை வருஷமா நான் யாரைத் திட்டிட்டு வர்றேன்? பெட்டிக்குள்ள கை வைக்கிறவங்களைத்தான். அந்த ஜனங்க என்னை நம்பித்தான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க நம்புற விளக்குல நான் கை வைக்கிறதா?”

“உன் ஜனங்க நாசமாப் போகட்டும். என் பொண்டாட்டி சாகப் போறா!”

“பனிக்காலத்தைத் தாண்டுவாங்களா?” என்று கேட்டான்.

“மாட்டாள்னு டாக்டர் சொல்றார்.”

எழுந்து உள்ளே போய்விட்டான். கதவைச் சாத்திக்கொண்டான். நான் அந்தக் கதவைப் பார்த்துக் கோபியில் கற்ற வார்த்தைகளை எல்லாம் சொன்னேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் போனேன். வாராவாரம் விளக்கைச் சரிபார்ப்பது என் வேலை, அதனால் யாரும் தடுக்க மாட்டார்கள். அவன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் என்னிடம் பொத்தான் இருக்கிறது, கடைசி நேரத்தில் மனசு மாறினால் உதவும் என்று எண்ணம். பட்டையை அவன் கழுத்தில் மாட்டும்போது, “பாக்கெட்ல இருக்கிறதை எடுத்து மேஜைமேல வை, சென்னி. என் கண்ணுக்குத் தெரியணும்” என்றான். வைத்தேன். தன் காபிக் கோப்பையை அதன்மேல் கவிழ்த்தான்.

நிகழ்ச்சி தொடங்கியது. பெயரைச் சொன்னான், பச்சை. அம்மாவைக் கிளியோபாட்ரா ஆக்கினான், சிவப்பு. இனி மேகத்துக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. மைக்கைக் கிட்டே இழுத்தான்.

“கோபிச்செட்டிப்பாளையத்து சுகந்தி டீச்சருக்கு ஒரு விஷயம். அந்த வால்வை நான் ஆள் வெச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டேன். அதுல சிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுத்தம். போய் வெச்சுக்குங்க.”

குமிழ் ரத்தச் சிவப்பாக எரிந்தது. கேமரா அதைக் காட்டிக்கொண்டே இருந்தது. நாடு முழுக்க, அதற்கு வெளியிலும், லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். வெர்னனும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இரண்டாம் தடவையும் அதையே சொன்னான்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். ‘பார்த்துக்கோடி, உன் சத்தியசந்தனைப் பார்த்துக்கோ, சிவந்து கிடக்கிறான்’ என்று மனசு குதித்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அடுத்த மூச்சில்தான் சுகந்தி ஞாபகம் வந்தது. அவள் சமையலறையில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி எந்தச் சாமி வந்து சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள்.

போன்கள் அலறத் தொடங்கின. பாட்டைப் போட்டுவிட்டுப் பட்டையைக் கழற்றினான் வெர்னன்.

“முட்டாள்! கோப்பையைத் தூக்கியிருந்தாப் போதுமே, நான் பச்சை எரிய வெச்சிருப்பேனே!” என்று கத்தினேன். “பொய்தானே சொல்லணும்னு முடிவு பண்ணினே? அதை ஒழுங்காச் சொல்றதுக்கு என்ன கேடு?”

“பொய் சொன்னா அது பொய்னு அவங்களுக்குத் தெரியணும், சென்னி. அதுக்கு மேல என்ன பண்றதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும்.” கழற்றிய பட்டையை என் கையில் கொடுத்தான். “நீ வீட்டுக்குப் போ.”

எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது. அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். கதவைத் திறந்தால், கூடத்தில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். புடவை மாற்றியிருந்தாள். காலடியில் பெட்டி.

“வண்டிய நிறுத்தீட்டீங்களா? திருப்புங்க. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், வரச் சொல்லிட்டாரு.”

எனக்குப் புரியவில்லை. “நிகழ்ச்சி பார்த்தியா?”

“பார்த்தனுங்க.”

“வெளக்கு சிவப்பா எரிஞ்சதைப் பார்த்தியா?”

“பார்த்தனுங்க. பொய்யிதான் சொன்னாரு. உள்ள சிப்பு இருக்குதுன்னுதான் அவரு இன்னும் நம்பறாரு. நானுந்தான் நம்பறேன்.”

“அப்புறம் எதுக்குப் புள்ள வர்றே?”

அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுசனுக்கு ஒரு பொய்யி சொல்ல வராதுங்க. தெனமும் அம்மா பேரைத்தான் மாத்திச் சொல்லுவாரு, பாவம். அவருக்குன்னு இருந்தது அந்தப் பச்சை ஒண்ணுதான். அதைத் தூக்கி வீசிப்போட்டு, ஊரே பார்க்கச் செவந்து போயி நின்னாரு. நான் சாகக் கூடாதுன்னு. அதுக்கப்புறமும் நான் இங்க ஒக்காந்துட்டு இருந்தன்னா மனுசியாங்க?”

“நான் பச்சையில சொன்னேனே! நீ வேணும்னு பச்சையில சொன்னேனே!”

“சொன்னீங்க. நெசமாத்தான் சொன்னீங்க.” என் கையைப் பிடித்து எழுந்தாள். “அது உங்களுக்குச் சும்மா வந்துருச்சுங்க.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, “பிழைச்சுட்டாங்க” என்றார். அவர் மேஜை விளக்கு அங்கே இல்லை, எனக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அந்த அழுகையில் கலப்படம் இல்லை. அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

வெர்னன் டக்கெட் கதை முடிந்தது. ஒரே வாரத்தில் நேயர்கள் கழன்றுகொண்டார்கள். அசல் வெர்னனை அரசாங்கம் கடத்திக்கொண்டு போய்விட்டது, இப்போது இருப்பது நகல் என்று அவனுடைய பழைய ரசிகர்களே வேறு சேனல்களில் சொல்கிறார்கள். எல்லாம் பச்சையில்தான் எரிகிறது. ஸ்டூடியோவை மூடிவிட்டான். டிராக்டர் ரிப்பேர் செய்து பிழைக்கிறான் என்று கேள்வி. மேகத்துக்கு வரிசை எண் உண்டு என்று இன்னும் சொல்கிறானாம், டிராக்டர் கொண்டுவருகிறவர்களிடம். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவேண்டும். விளக்கை மாட்டிப் பார்த்தேன். இன்னும் பழைய பதில்தான்.

நெஞ்சைப் பிளந்து தைத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கெட்டித் தலையணை கொடுப்பார்கள். இருமும்போது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தையல் வலிக்காது. புண் ஆறிய பிறகும் சுகந்தி அதைத் தூக்கிப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெர்னனுக்குப் போன் போடுகிறாள். அதற்கு முன்னால் அந்தத் தலையணையை மார்போடு அழுத்திக் கட்டிக்கொள்கிறாள், வால்வுக்குக் கேட்கக் கூடாதென்று. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு மட்டும் கேட்கும். தங்கச்சியிடம் பேசும்போதும் தலையணை உண்டு. ஊரில் கூட வேலை பார்த்த டீச்சரிடம் பேசும்போதும் உண்டு.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். “எங்கிட்டப் பேசறப்ப மட்டும் ஏன் புள்ள தலகாணி எடுக்கறதில்ல?”

அவள் குத்திக்காட்டுகிறவள் இல்லை. நிஜமாகவே யோசித்தாள்.

“நம்ம பேசறதுல மறைக்கற மாதிரி என்னங்க இருக்குது?” என்றாள்.

என்னிடம் ஒன்று இருக்கிறது. குமிழ் சிவந்தபோது, அவள் உயிரையும் மறந்து ஒரு மூச்சு நேரம் நான் சந்தோஷப்பட்டது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் சுகந்தி கட்டாயம் தலையணையை எடுத்துக்கொள்வாள், கிட்டே வந்து உட்காருவாள், என்ன என்று கேட்பாள். தினமும் வேலை முடிந்து வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வருகிறேன். இன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, காபி இருக்கிறதா என்று கேட்டேன்.